கடமானின் உதட்டில் உப்பு

முட்டை ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு அலகால் தட்டும் சத்தம் மிக மெல்லியது. மணல் உதிர்வது போல இருக்கும். எத்தனையோ வருடங்களுக்கு முன்பு ஒரு விடியலில் கேட்ட அந்தச் சத்தத்தை ஆள்காட்டிக் குருவி கடைசிவரை மறக்கவில்லை.

காட்டுக் குளத்தின் கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, அது நான்கு முட்டைகள் இட்டிருந்தது. ஒன்றை முந்தின நாள் கீரி எடுத்துப் போய்விட்டது. மீதி மூன்றிலும் குஞ்சுகள் தட்டத் தொடங்கியிருந்தன. அப்போதுதான் பெரிய கரடியின் மகன் இலுப்பைப் பூவை வயிறு முட்டத் தின்று, போதை தலைக்கேறி, தள்ளாடிக்கொண்டு வந்தான். குருவி சிறகை விரித்துக் குறுக்கே நின்று கத்தியது.

"தள்ளு, தள்ளு" என்று சிரித்தபடி அவன் அந்தக் கற்களின் மேலேயே விழுந்து புரண்டான்.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

காட்டுச் சட்டம் ஒரே வரிதான். முட்டையை அழித்தவர் மலைக்கு அப்பாலுள்ள பாறை வெளிக்குப் போய்விட வேண்டும்; திரும்பக் கூடாது. அங்கே கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

மறுநாள் நாவல் மரத்தடியில் சபை கூடியது. நீதிபதி, முதிய கடமான். காலையில் கீரியின் வழக்கு.

"கீரி எடுத்ததை நீ பார்த்தாயா?" என்று கடமான் குருவியிடம் கேட்டது.

"பார்த்தேன், ஐயா."

"போதும். வேடன் வந்தால் முதலில் கத்தி நம்மைக் காப்பாற்றும் குருவி இது. இதன் சொல்லுக்கு மேல் சாட்சி வேண்டாம்."

"ஐயா, நானும் ஒன்று சொல்லலாமா?" என்றது கீரி. "குட்டிகள் இரண்டு நாளாகப் பட்டினி."

"எல்லோரும் சொல்வதுதான். கிளம்பு."

வெயில் ஏறும் முன்பே கீரி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டது.

அடுத்தது கரடி மகனின் வழக்கு. அதற்கு முன் இடைவேளை. அந்தக் காட்டில் உப்பு மண் இருக்கும் ஒரே பள்ளம் பெரிய கரடியின் பிடியில் இருந்தது. மான்களுக்கு உப்பு என்றால் உயிர். கரடி தலையாட்டினால்தான் அங்கே நாக்கை நீட்ட முடியும். இடைவேளையில் கடமான் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அதன் உதட்டில் வெள்ளையாக உப்பு ஒட்டியிருந்தது.

கரடிக்காகப் பேச நரி எழுந்தது.

"ஐயா, சின்னப் பையன். நல்ல குடும்பம். பூவைத் தின்றது இவன் தப்பா, உதிர்த்த மரத்தின் தப்பா? அதுவும் போகட்டும். காட்டில் இத்தனை மரம் இருக்க, நடக்கிற வழியில் முட்டையிடச் சொல்லி இந்த அம்மாவை யார் கேட்டார்கள்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"நாங்கள் தரையில்தான் முட்டையிடுவோம்" என்றது குருவி. "அவன் புரண்டதை என் கண்ணால் பார்த்தேன்."

"இலை விழுந்தாலும் கத்துகிறவள் நீ. உன்னை எப்படி நம்புவது?" என்றது நரி.

குருவி கடமானைப் பார்த்தது. "காலையில் நம்பினீர்களே, ஐயா. அதே கண்தான். அதே வாய்தான்."

கடமான் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "அது வேறு வழக்கு. இது வேறு. பையனுக்கு வாழ்க்கை முழுவதும் பாக்கி இருக்கிறது. பத்து நாளைக்கு அவன் இலுப்பை மரத்தடிக்குப் போகக் கூடாது. அதுதான் தண்டனை."

இலுப்பைப் பூ உதிர்ந்து முடிய இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது. எல்லோருக்கும் அது தெரியும்.

"என் குஞ்சுகளுக்கும் வாழ்க்கை முழுவதும் பாக்கி இருந்தது" என்றது குருவி. "உதட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள், ஐயா."

கடமானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இனி இந்தக் குருவியின் கூச்சலை யாரும் பொருட்படுத்தக் கூடாது. இது சபையின் உத்தரவு!"

நான்கு நாள் கழித்து, ஒரு மாலை. கடமானும் பெரிய கரடியும் உப்புப் பள்ளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். புதருக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு வேடன் ஊர்ந்து வந்தான். குருவி அதைப் பார்த்தது. பேசாமல் இருந்திருக்கலாம். அதற்கு அப்படி இருக்கத் தெரியாது. தொண்டை கிழியக் கத்தியது.

"என்னவோ கத்துகிறதே?" என்றது கரடி.

"அதைத்தான் தள்ளுபடி செய்துவிட்டேனே" என்று சொல்லிவிட்டு, கடமான் மறுபடியும் குனிந்து உப்பை நக்கியது.

குண்டு கடமானின் கழுத்தில் பாய்ந்தது. பெரிய கரடி தன் மகனையும் அழைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்கு ஓடிவிட்டது. அங்கேயும் ஒரு நீதிபதி இருந்தார்.

ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் சபை, ஒருநாள் தன்னைக் காக்கப்போகும் குரலையே முதலில் நெரித்துவிடுகிறது.

சட்டம் கீரிக்கு மட்டும்தானா என்று மனம் பொறுக்காமல், அதை அழைத்துவரக் குருவி மலையைத் தாண்டிப் பறந்தது. அதற்குள் கீரியும் குட்டிகளும் தாகத்தில் இறந்துபோயிருந்தன.