பந்தியில் நான்கு இலைகள்

மடத்தில் பன்னிரண்டு வருடமாகப் பந்தி பரிமாறுகிறவள் தெய்வநாயகி. மடத்துச் சாமி அவளைவிட இளையவர். ஆனாலும் அவரையே அவள் குருவாக ஏற்றிருந்தாள்.

அன்று காலை ஒரு விண்ணப்பத்தை அவர் முன் வைத்தாள்.

"மகளுக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு சாமி. கட்டப் பணமில்ல. நாளைக்குக் கடைசி நாள். உதவி வேணுமான்னு கேட்ட இடத்தை மட்டும் எழுதாம விட்டுட்டேன்."

"ஏன்?"

"நாலு விதம் போட்டிருக்கு. மார்க்குக்குத் தர்றது ஒண்ணு. இல்லாதவங்களுக்குத் தர்றது ஒண்ணு. காலேஜ்லயே வேலை பார்த்து வாங்குறது ஒண்ணு. பேங்க் கடன் ஒண்ணு. எனக்கு ஒண்ணும் விளங்கல. இதுல எதை வாங்கினா தலைகுனிவு சாமி? நினைச்சு நினைச்சுத் தூக்கமே போச்சு."

மத்தியானம் பந்தி போட்டதும் சாமி அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்க உட்காருங்கம்மா."

அவள் பதறிப்போனாள். ஒரு நாளும் முதல் பந்தியில் உட்கார்ந்தவள் இல்லை.

பக்கத்து இலையில் இருந்த விவசாயி மாசிலாமணி சிரித்தார். "வா தாயி. இன்னைக்காவது எனக்குக் கரண்டி நிறைய ரசம் விழும்."

சாமி குனிந்து குனிந்து பரிமாறினார்.

"இலைக்கு இலை வித்தியாசம் தெரியுதா?"

"இல்ல சாமி. எல்லாம் ஒரே சோறு."

"எழுந்திருக்கும்போது பாருங்க."

காலைப் பூசையில் பிசகாமல் பாடுகிறவருக்குத்தான் அங்கே முதல் இலை. அவர் நிமிர்ந்து எழுந்தார். பசியோடு வந்த வழிப்போக்கர் கும்பிட்டுவிட்டுப் போனார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காக மடத்தில் தண்ணீர் இறைக்கிறவர் ஏப்பம் விட்டபடி கிணற்றடிக்கு நடந்தார்.

மாசிலாமணி மட்டும் சாமி முன் நின்றார். மழை பொய்த்ததிலிருந்து அவருக்கு இங்கேதான் சாப்பாடு.

"தை பிறந்ததும் ரெண்டு மூட்டை நெல்லு சாமி. மேலே வட்டியா ஒரு மரக்கால். மறக்கல."

தெய்வநாயகி அவர்கள் போன வழியைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் தன் கையால் போட்ட சோறு. சாப்பிட்டவர்கள் எழுந்து போவதை ஒரு நாளும் அவள் கவனித்ததில்லை.

சாமியிடம் திரும்பினாள்.

"என் மக எப்படி எழுந்திருக்கணும் சாமி?"

சாமி அவள் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

"முதல்ல அவளை உட்காரச் சொல்லுங்கம்மா."