பித்தளைத் தகட்டில் யார் பெயர்?

வேலங்கரை அருங்காட்சியகத்தில், படங்களுக்குக் கீழே அவற்றை வரைந்தவரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பதிப்பது வழக்கம். புதிய கூடம் திறப்பதற்கு முந்தின நாள் காலை, அந்த வேலைக்கு வந்திருந்த தையல்நாயகி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தப் பேரை நான் வெட்ட மாட்டேன் சார்."

காப்பாளர் இன்னாசிக்குத் திக்கென்றது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். தகட்டில் தப்பான பெயர் ஏறிவிடுமோ என்று ஒரு வாரமாகவே தூக்கமில்லை.

தையல்நாயகி கடைத்தெருவில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிறவர். அவர் மறுத்த பெயர் லூய்டன். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் துறைமுகத்தில் தங்கியிருந்த டச்சு ஓவியர். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் வரைந்து, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவித் தாளில் அழுத்தி எடுப்பார். அப்படி எடுக்கும்போது, முத்திரை குத்தினாற்போல, தகட்டில் வலப்பக்கம் இருப்பது தாளில் இடப்பக்கம் வரும். லூய்டன் இதற்கென்றே எல்லாவற்றையும் திருப்பி வரையப் பழகியவர். அவருடைய மற்றப் படங்களில் தமிழில் உள்ள ஊர்ப் பெயர்கள்கூட நேராகவே விழுந்திருக்கின்றன.

வழக்குக்கு வந்த படத்துக்கோ உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. முண்டாசு கட்டிய ஒருவரின் முகம். இடது புருவத்தின் குறுக்கே ஒரு வெட்டு. கீழே 'மருதப்பன்' என்ற பெயர், இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது. முகத்தையும் எழுத்தையும் வரைந்தது ஒரே கை என்பதில் மட்டும் யாருக்கும் சண்டையில்லை.

"மருதப்பன் எங்க பாட்டன்களுக்கும் பாட்டன். பேர் வெட்டுற ஆசாரி. இது அவர் கைவேலை" என்றார் தையல்நாயகி.

லூய்டனின் படங்களை ஆராய்ந்து வந்த பேராசிரியர் ஞானமுத்து சிரித்தார். "பேர் வெட்டுறதே தொழிலா இருக்கிறவர் சொந்தப் பேரையே திருப்பியா வெட்டுவார்? நல்லா இருக்கும்மா!"

எல்லாரும் சிரித்தார்கள். தையல்நாயகிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பேராசிரியர் லூய்டனின் நாட்குறிப்பைப் பிரித்துப் படித்தார்: "பெயர் வெட்டும் மருதப்பன் இன்று வந்தான். சில்லு தெறித்துப் பிளந்த இடது புருவம். என் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்கு ஒரு செப்புத் தகடும் ஊசியும், அவன் மனைவிக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் கொடுத்தேன்." மூடிவிட்டு, "படத்திலும் அவருடைய இடது புருவம்தான். எவ்வளவு கச்சிதம்! லூய்டனைத் தவிர யார்?" என்றார்.

"நில்லுங்க சார்" என்று எழுந்தார் திருவேங்கடம். அவர் முன்னோர் அரங்கப்பர், லூய்டனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். "எங்க அரங்கப்பர் மருதப்பனை எதிரே உட்கார வச்சு, பார்த்தபடி வரைஞ்சார். அவர் தொட்ட ஒரே தகடு இதுதான். புதுசு, அதான் எழுத்து திரும்பிப்போச்சு. தங்கச்சி, உங்க தாத்தா முகத்தைக் கொடுத்தார், எங்க தாத்தா கையைக் கொடுத்தார். ஆளுக்குப் பாதி!"

"பாதிப் பேரெல்லாம் நான் வெட்டுறதில்லைண்ணே" என்றார் தையல்நாயகி.

இன்னாசி படத்தின் முன் வெகுநேரம் நின்றார். கைகழுவும் இடத்தில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து வந்து படத்துக்கு எதிரே பிடித்தார். கண்ணாடியில் எழுத்து நேரானது, வெட்டு வலது புருவத்துக்குப் போனது. அவர் முகம் மலர்ந்தது. வெற்றுத் தகட்டைத் தையல்நாயகியிடம் நீட்டி, ஒரு பெயரைச் சொன்னார்.

நாட்குறிப்பு பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: மூன்று பேரில் யார் பெயரை இன்னாசி சொன்னார்? ஏன்?

விடை: மருதப்பன். எழுத்து திரும்பி விழுந்ததால், வரைந்தவர் தகட்டின் குணம் தெரியாமல் கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தவர். அது லூய்டன் அல்ல. அரங்கப்பர் எதிரே உட்கார்ந்து வரைந்திருந்தால் எழுத்தைப் போலவே முகமும் திரும்பி, வெட்டு வலது புருவத்துக்குப் போயிருக்கும். முகம் நேராக விழ வேண்டுமானால், வரையும்போதே அது திரும்பித் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிவது கண்ணாடியில்தான். மனைவிக்கு வந்த கண்ணாடியைப் பார்த்து மருதப்பன் தன்னையே வரைந்தார். பெயரை மட்டும், குடத்தில் வெட்டுகிற பழக்கத்தில் நேராக வெட்டிவிட்டார். பேராசிரியர் சிரித்தாரே, அந்தத் தப்பு ஒரு பேர் வெட்டுகிறவருக்குத்தான் வரும்.

முதலில் கை தட்டியவர் திருவேங்கடம். தையல்நாயகி வெட்டி முடித்ததும் இன்னாசி தகட்டை வாங்கி ஒன்று, இரண்டு, மூன்று தரம் படித்துப் பார்த்தார்.

"பயப்படாதீங்க சார்" என்றார் தையல்நாயகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தத் தடவை யாரும் இதை அச்செடுக்கப் போறதில்ல."