குக்குறுவானின் முதல் எழுத்து

"ஒரே எழுத்தை ஒன்பது தடவை சொல்லுது உன் பொண்ணு. விடிஞ்சதிலிருந்து கு, கு, கு. என் காது என்ன மரப்பொந்தா மரகதக்கா, ஆளாளுக்குக் கொத்திட்டுப் போக?"

இதைச் சொன்னவள் ரோசம்மா என்கிற மைனா. முருங்கைமரத்தின் கீழ்ப்பொந்தில் குடியிருந்தாள். கேட்டவள் மேல்பொந்தில் இருந்த மரகதம் என்கிற குக்குறுவான். கேட்டுக்கொண்டு சும்மா போகிறவள் இல்லை அவள்.

"என் பொண்ணு எழுத்தைப் பார்த்துப் படிக்கிறா. உன் மகன் உன் வாயைப் பார்த்துப் படிக்கிறான். இலையைத் தலைகீழாக் குடுத்துப் பாரு, அப்பவும் அதே பாட்டைத்தான் பாடுவான்."

இந்தச் சண்டை நடந்த அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது, மரங்களுக்கு எழுத்து இருந்தது. வேப்பிலையில் 'கசப்பு' என்று எழுதியிருக்கும். எருக்கிலையில் 'தொடாதே' என்று எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு வயிற்றுவலி இல்லை. தெரியாதவர்கள் தின்றுவிட்டுத் தெரிந்துகொண்டார்கள். அப்போது குக்குறுவானுக்கு உடம்பெல்லாம் பச்சைதான். சிவப்பு ஒரு பொட்டுக்கூடக் கிடையாது.

அங்கே ஓர் ஆலமரம் இருந்தது. அதற்கு ஒரு வழக்கம். முதல் பழம் சிவக்கிற நாளில் ஒவ்வொரு குடும்பத்தின் கடைக்குட்டியும் வந்து ஓர் இலையை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இலையில் எந்தக் கிளையின் பெயர் இருக்கிறதோ அந்தக் கிளை அந்தக் குடும்பத்துக்கு. பெரியவர்கள் உதவக் கூடாது. ஓர் இலைக்கு ஒரு வாய், அவ்வளவுதான்.

மரகதத்துக்கு அப்படி ஒரு கிளை அவசியம் வேண்டியிருந்தது. முருங்கை எவ்வளவு உறுதி என்று உங்களுக்கே தெரியும். போன மழையில் பொந்தின் பாதிச் சுவர் பெயர்ந்து இரண்டு முட்டைகள் கீழே போய்விட்டன. மிஞ்சிய ஒன்றிலிருந்து வந்தவள்தான் பிச்சி. இன்னொரு மழைக்கு அந்தச் சுவர் நிற்காது.

மரகதம் சொல்லிக்கொடுத்த முறையில் குற்றம் காண முடியாது. முழு இலையை எடுத்து நீட்டிப் பிள்ளையைப் பயமுறுத்தவில்லை. ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. அதன் ஓசையை வாயில் போட்டு ஊறவைத்து, நன்றாகப் பழகின பிறகு அடுத்தது. இரண்டு ஓசைகள் கைவசம் வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்ப்பது. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு இதைவிட நல்ல வழி இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அத்தியிலை ஒன்றின் முன்னால் பிச்சி உட்கார்ந்திருந்தாள். அலகால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டாள்.

"ப... ப... ப... ழ... ப, ழ... ம்."

சட்டென்று நிமிர்ந்தாள். கண் இரண்டும் உருண்டை ஆயின.

"அம்மா, பழம். இது பழம்மா."

இலையைத் தூக்கிப் பார்த்தாள். பின்னால் நிஜமாகவே ஒரு பழம் தொங்கியது.

"எழுதினபடியே இருக்கும்மா!"

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கிளை கிளையாகத் தாவிப் படித்தாள். வேம்பில் 'கசப்பு' என்று கூட்டிப் படித்துவிட்டு, சரிதானா என்று ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டு, "சரிதான்" என்றாள். அவள் அப்பா தணிகையைத் தூங்கவிடாமல் எழுப்பி, அவர் உட்கார்ந்திருந்த கிளையின் இலையை அவருக்கே படித்துக் காட்டினாள். அவரும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

பிச்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இரண்டாவதைத் தேடுவாள்.

"ஏண்டி இத்தனை தடவை சொல்றே?" என்றாள் மரகதம்.

"விட்டா ஓடிடும்மா. இதைப் பிடிச்சுக்கிட்டேதான் அடுத்ததுக்குப் போகணும்."

குழந்தை சொன்னது முழுக்கச் சரி. ஆனால் மரகதத்துக்குப் பொறுமை இலைக்காம்பு நீளம்தான். பிச்சி மூன்றாவது 'கு' சொல்வதற்குள் இவள் முழு வார்த்தையையும் சொல்லிவிடுவாள்.

"அவ வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ முடிச்சிடறே மரகதம். கொஞ்சம் பொறேன்" என்றார் தணிகை.

"நான் பொறுப்பேங்க. மழை பொறுக்குமா?"

ஆலம்பழம் சிவந்தது. விடியும் முன்பே மரத்தைச் சுற்றி ஒரே இரைச்சல். கிளிகள் கழுத்தைச் சாய்த்துப் பழகிக்கொண்டிருந்தன. புறாவின் பிள்ளைக்குப் பயத்தில் தொண்டை அடைத்து வெறும் உறுமலாக வந்தது. பிச்சிக்குப் பயமே இல்லை. "எனக்கு எந்த இலைம்மா? பெரிசா? நிறைய எழுத்து இருக்குமா?" என்று கேட்டுக் கேட்டு, உட்கார்ந்த இடத்திலேயே குதித்தாள்.

முதலில் ரோசம்மாவின் மகன் தொம்மை. இலையைக் காலால் பிடித்தானோ இல்லையோ, மூச்சு விடாமல் கணீரென்று ஒப்பித்தான். கூட்டம் வாயைப் பிளந்தது. ரோசம்மா கழுத்தை நீட்டி மரகதத்தைப் பார்த்தாள்.

"நல்ல குரல் தம்பி. ஆனா நீ சொன்னது போன வருஷத்து இலையில இருந்த பேரு" என்றது ஆலமரம். "அந்தக் கிளை ஒடிஞ்சு விறகாப் போயிடுச்சு. இலையையும் நீ தலைகீழாப் பிடிச்சிருக்கே. அந்த விறகு எந்த வீட்டுக்குப் போச்சோ, அந்த வீட்டுச் சுவர்ல போய் இருந்துக்கோ."

மைனாக்கள் இன்றும் நம் வீட்டுச் சுவர் ஓட்டைகளில்தான் கூடு வைக்கின்றன. யாராவது சொல்லிக்கொடுத்தால் அப்படியே ஒப்பிக்கவும் செய்கின்றன.

அடுத்து பிச்சி. அவள் முன்னால் தாழ்ந்த இலையை மரகதம் எட்டிப் பார்த்தாள். 'குடைக்கொம்பு.' கிழக்கே இருந்த அகலமான கிளை. அடைமழையிலும் அதன் கீழே ஒரு சொட்டு விழாது. அத்தனை குடும்பமும் ஏங்கிய கிளை, அவள் பிள்ளையின் அலகு நுனியில் இருந்தது.

"கு" என்றாள் பிச்சி.

கூட்டம் அடங்கியது.

"கு... கு... கு..."

அவள் அலகு மெல்ல நகர்ந்தது. கண் இரண்டாவது எழுத்தைத் தொட்டுவிட்டது. அத்தியிலையைப் படித்தபோது வந்த அதே பூரிப்பு முகத்தில் வரப் பார்த்தது.

"கு... கு... கு..."

"ஏழு" என்று ரோசம்மா வாய்க்குள் எண்ணினாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மரகதம், வேண்டாம்" என்றார் தணிகை.

பிச்சி வாயைத் திறந்தாள். 'டை' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, எல்லோருமே பார்த்தார்கள். அதற்குள் மரகதம் பாய்ந்தாள். பிள்ளையின் வாயை, மேலே நெற்றியும் கீழே தொண்டையும் சேர்த்துத் தன் அலகால் கவ்வி இறுக்கி மூடினாள். பிறகு விட்டுவிட்டுக் கத்தினாள்.

"போதும், வாயை மூடு. நானே சொல்றேன். குடைக்கொம்பு!"

தவறில்லாத உச்சரிப்பு.

இலையின் காம்பு விட்டது. ஓர் இலைக்கு ஒரு வாய். இரண்டாவது வாய் பட்டதும் அது நிற்கவில்லை. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

"நல்லாத்தான் படிச்சேம்மா" என்றது ஆலமரம். "ஆனா நான் உனக்கு எழுதலையே."

மரகதத்துக்குக் கிளை இப்போது ஞாபகத்திலேயே இல்லை. பிள்ளையைத்தான் பார்த்தாள். பிச்சியின் நெற்றியிலும் தொண்டையிலும் அலகு பதிந்த இடம் செக்கச்சிவந்திருந்தது. வெட்கத்தில் மரகதத்துக்கும் அதே இரண்டு இடங்களில் சிவப்பு ஏறியது. பிச்சி அழவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பி இலையைத் தேடினாள், வலப்பக்கம் திருப்பித் தேடினாள். தேடிக்கொண்டே, கைவசம் இருந்த எழுத்து ஓடிவிடாமல் சொன்னாள். வாயைத் திறக்கவில்லை. அம்மா மூடச் சொல்லியிருந்தாளே. மூடின வாய்க்குள்ளிருந்து தொண்டை உப்பி, 'குக்' என்றுதான் வந்தது.

ஆலமரம் மனம் இளகியது. "பச்சைக் கிளை எதுவும் தர வழியில்லை. பட்டுப்போன கிளையில யார் பேரும் எழுதறதில்லை. வேணும்னா நீங்களே குடைஞ்சுக்குங்க."

தணிகை போய்க் கொத்தத் தொடங்கினார்.

அன்று தொடங்கியதுதான் எல்லாம். குக்குறுவான் பட்ட மரத்தில் தானே பொந்து குடைகிறது. குஞ்சாக இருக்கும்போது வெறும் பச்சை. வளர்ந்ததும் நெற்றியிலும் தொண்டைக்குக் கீழும் அந்தச் சிவப்பு வந்துவிடுகிறது. வெயில் கொளுத்தும் பகலில் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், தலையை இங்குமங்கும் திருப்பி, குக், குக், குக் என்று ஒரே எழுத்தைச் சொல்கிறது. ஒரு குக்குக்கும் அடுத்த குக்குக்கும் நடுவில் சின்னதாக ஓர் இடைவெளி விழும், கவனித்துப் பாருங்கள். அதில்தான் மரகதம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அடுத்த எழுத்தைச் சொல்லு கண்ணு. மெதுவாச் சொல்லு. அம்மா வாயே திறக்க மாட்டேன்."