எறும்புக்குக் கத்தியவன்

பங்குனித் திருவிழாவில் இருளப்பன் இரண்டு கன்னத்தையும் துளைத்துக் குத்திக்கொண்ட வேல் பதினெட்டு அடி நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதீர்கள். நான் பார்த்தவன். ஒரு முனை கோயில் வாசலில் நுழைந்தபோது மறுமுனை அடுத்த ஊர் டீக்கடையில் இடித்து கிளாஸெல்லாம் உடைந்தது.

அவ்வளவு பெரிய வேலுக்கும் அவன் முகம் சுளிக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் காலையில், ஊருக்கு மேற்கே கரடு என்கிற பாறைக்குன்றின் மேல் குடிசை போட்டிருந்த கரட்டுச்சாமி முன்னால் போய் நின்றான். வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம் பாடம் கேட்கிறவன். பின்னாலேயே மனைவி பேச்சியும் மூச்சு வாங்க ஏறி வந்தாள்; வேடிக்கை பார்க்க நானும். சாமி வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"காவி குடுங்க சாமி. வீட்ட விட்டுட்டேன்."

"ஏன்?"

"எனக்குள்ள இருந்த 'நான்' போயிருச்சு. வேல் ஏறினப்ப வலிக்கல. வலிக்கிறதுக்கு உள்ள ஆளே இல்ல."

"ஆளில்லாமத்தான் காலையில ஒரு அடுக்கு தோசை உள்ள போச்சா?" என்றாள் பேச்சி.

சாமி கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "வேல் ஏறினப்ப என்னதான் இருந்துச்சு?"

"உறுமிமேளச் சத்தம் சாமி. அது மட்டும்தான். கன்னம் எங்க இருக்குன்னே தெரியல."

"அப்புறம்?"

இருளப்பன் தலையைச் சொறிந்தான்.

"நான் சொல்றேன் சாமி. வீட்டுக்கு வந்து பாயில உக்காந்தாரு. கட்டெறும்பு ஒண்ணு கால்ல கடிச்சுது. இந்த மனுசன் போட்ட கூப்பாட்டுல தெருவே கூடிருச்சு." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள் பேச்சி.

இருளப்பனுக்குக் கோபம் வரவில்லை. "அதுதான் சாமி எனக்கும் விளங்கல. வேலுக்கு இல்லாதவன் எறும்புக்கு எங்கிருந்து வந்தான்? அதுவரைக்கும் எங்க இருந்தான்?"

"கண்ண மூடு."

மூடினான்.

"இடது கால் கட்டைவிரல் இருக்கா?"

"இருக்கு."

"நான் கேக்கறதுக்கு முந்தி?"

யோசித்தான். "இல்ல சாமி. நீங்க கேட்டதும் வந்துச்சு."

"பிடரி?"

"இந்தா, வந்துருச்சு... அட! விரலைக் காணோம்!"

"இப்ப எதையும் தேடாத. காத மட்டும் வையி."

கரடு அடங்கியது. ஓணான் கண்ணிமைக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்; போகட்டும்.

"காத்து," என்றான். "கீழ எங்கயோ ஆட்டு மணி." பிறகு முகம் மெல்ல மாறியது.

"என்ன?"

"யாரோ அழுறாங்க சாமி. சத்தம் வெளிய வராம."

"யாரு?"

"பேச்சி." திகைத்துப்போனான். "இவ சிரிச்சுக்கிட்டுத்தான இருந்தா?"

பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

"வலிக்குது சாமி."

"எங்க?"

"தெரியல. அவதான் அழுறா, எனக்கு வலிக்குது. இப்ப நான் எங்க இருக்கேன்?"

சாமி மடியில் கிடந்த கடலைத் தோலை ஊதிவிட்டார்.

"அவ அழுற எடத்துலதான். கண்ணத் திறந்துறாத, இன்னும் கொஞ்ச நேரம் இரு. காவி எங்கயும் ஓடிப் போயிறாது."