டிரான்ஸ்பார்மர் பக்கம் நிக்கிறவ

நான் சொல்றது அம்புட்டும் சத்தியம். ஒரு வார்த்தை பொய்யின்னா என் சர்பத் வண்டி இங்கனயே கவுந்து போகட்டும். கவுழல பாத்தீகளா. சக்கரத்துக்குக் கல்லு வச்சிருக்கேன், அது வேற விசயம்.

பெரிய கான்வென்ட் கேட்டுலதான் என் வண்டி. பள்ளிக்கூடம் விடுறப்ப கார்ல வர்ற அம்மாக்கள்லாம் புங்கமர நெழல்ல. ஸ்கூட்டர் அம்மாக்க காம்பவுண்டு ஓரம். சுகந்தி மட்டும் டிரான்ஸ்பார்மர் பக்கம், தனியா. அபாயம்னு போர்டுல போட்டிருக்குற மண்டையோட்டுக்குத் துணையா.

சுகந்தி மவளுக்குப் பீஸ் கட்டுறது பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்குற மடத்துச் சாமி. சுகந்தி அவரு சிஷ்யை. பீஸ் விசயம் மூணாவது ஆளுக்குத் தெரியாது. சாமிக்குச் சர்பத் கொண்டுபோற எனக்குத் தெரியும். என்னைய யாரு ஆளாக் கணக்குல வச்சா.

ஒருநாள் நான் சர்பத்தோட நிக்கையில சுகந்தி மடத்துல வந்து உக்காந்துச்சு.

"சாமி, நாளைக்குப் புள்ளைக்கு டிசி வாங்கிடுறேன்."

"ஏன் தாயி, புள்ள படிக்கலையா?"

"புள்ள படிக்குது. எனக்குத்தான் மூச்சு முட்டுது. கேட்டுல நிக்கிற அம்மாக்க டூர் போலாமாங்குறாளுக, மிஸ்ஸுக்குச் சேலை எடுக்கலாமாங்குறாளுக. தலைவலின்னு சொல்லிச் சொல்லி இப்ப நெசமாவே வலிக்குது. அம்புட்டுப் பேருல என்னைய மாதிரி ஒருத்தியாச்சும் இருக்காளா? இருந்தா சொல்லுங்க, இருந்துக்கிறேன்."

சாமி சர்பத்தை ஒரு வாய் குடிச்சாரு.

"உன் பேரை யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இப்ப மீறட்டுமா?"

"ஐயய்யோ, வேணாம் சாமி."

"இங்க வந்த இன்னொருத்தியும் இதையேதான் சொன்னா."

மிச்ச சர்பத்தையும் குடிச்சுட்டு டம்ளரை என்கிட்ட நீட்டிட்டாரு.

மறுநாள் கேட்டுல சுகந்தி ஒவ்வொரு மூஞ்சியா மேஞ்சுச்சு. வளையல், செருப்பு, கைப்பை. அப்பத்தான் ரோகிணின்னு இன்னொரு புள்ளயோட அம்மா கார்ல வந்துச்சு. கார் அண்ணனோடது. பெட்ரோல் தீந்துருமேன்னு ஏசி போடாம, கண்ணாடிய ஏத்திவிட்டு உள்ளயே வெந்துக்கிட்டிருக்கும். போன புதன்கெழம சாமிகிட்ட இதே கேள்வியைக் கேட்டு அழுதது அதுதான். சுகந்திக்கு அது தெரியாது.

ரோகிணியும் எறங்கி ஒவ்வொரு மூஞ்சியாத்தான் பாத்துச்சு. ரெண்டு பேரு கண்ணும் முட்டுச்சு. ரெண்டு பேரும் வெடுக்குன்னு திரும்பிக்கிட்டாக. எனக்கு நாக்கு நமநமன்னுச்சு. எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சுக்கிட்டு நின்னேன்.

சாயங்காலமே சுகந்தி மடத்துக்குப் போச்சு.

"நீங்க ஆறுதலுக்குச் சொல்லிருக்கீக சாமி. அங்க என்னைய மாதிரி யாரும் இல்ல. நல்லாப் பாத்துட்டேன்."

"உன்னைய யாரும் பாத்தாகளா?"

"ஒருத்தி பாத்தா. கார்க்காரி. ஏற எறங்கப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. திமிரு."

"நீ அவளை எப்புடிப் பாத்த தாயி?"

சுகந்தி தன் மூஞ்சியத் தடவிப் பாத்துட்டு எந்திரிச்சுப் போச்சு.

மறுநாள் டிசி கேக்கல. டிரான்ஸ்பார்மரை விட்டுப் புங்கமரத்துப் பக்கமாக் கொஞ்சம் தள்ளி நின்னுச்சு, அம்புட்டுதான். அங்கருந்தும் புங்கமரம் தூரந்தான்.

சரி, கதை கேட்டவுகள்லாம் சர்பத்துக் காசை டப்பாவுல போடுங்க. சர்பத் குடிக்காதவுகளும்தான். யாரு போட்டா, யாரு போடலன்னு மூச்சு விடமாட்டேன். சொன்னாலும் பேரை மாத்தித்தான் சொல்லுவேன்.