வேழாம்பாள் தோண்டிய ஊற்று

மலை சரிந்து இறங்கும் ஒரு காட்டில் வேழாம்பாள் என்றொரு யானை இருந்தது. குழந்தைகளே, கோடை வந்தால் அந்தக் காட்டு ஆறு வற்றி வெறும் மணலாகிவிடும். அப்போது வேழாம்பாள் மணலை முகர்ந்து பார்த்து, காலால் தோண்டி, ஊற்றுத் தண்ணீரை வெளியே கொண்டுவரும். காடே அங்கே கூடிக் குடிக்கும், குளிக்கும், ஊர்வம்பு பேசும்.

ஒரு மழைக்காலக் காலையில், மூங்கிலை ஒடிக்கத் தும்பிக்கையை நீட்டிய வேழாம்பாள் அப்படியே சாய்ந்து விழுந்தது. பக்கவாதம்! இடப்பக்கத்துக் கால்கள் மரத்துப்போயின. தும்பிக்கை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

காட்டெருமைகள் முட்டுக் கொடுத்து அதை எழுப்பி, குட்டை ஓரத்து நாவல் மரத்தில் சாய்த்து நிறுத்தின. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள் எல்லாரும்.

தாவன் என்ற குரங்குக்கு இரக்க குணம் அதிகம். இலை, பழம் எல்லாவற்றையும் அதுவே கொண்டுவந்து கொடுத்தது.

"நீங்கள் அசையவே கூடாது, அக்கா. எது வேண்டுமானாலும் என்னிடம் சொல்லுங்கள்" என்றது.

கோடை வந்தது. ஆறு வற்றியது. குட்டையும் சேறாகிக்கொண்டிருந்தது. காட்டெருமைகள் மணலில் அங்கும் இங்கும் தோண்டிப் பார்த்தன. புழுதிதான் கிளம்பியது. மான்குட்டிகளுக்கு நாக்கு வறண்டு சத்தமே வரவில்லை.

"வேழாம்பா அக்காவைக் கேட்டால் என்ன?" என்றது தாய்மான்.

"சேச்சே! பாவம், அக்காவால் எப்படி முடியும்? அவர் காதிலேயே போடாதீர்கள்" என்று தடுத்தது தாவன்.

முள்ளி என்ற முள்ளம்பன்றி மனத்தில் பட்டதைப் பட்டென்று பேசும். அது யாரிடமும் கேட்காமல் நாவல் மரத்தடிக்குப் போனது. அங்கே மரத்தைச் சுற்றி மண் தேய்ந்து பாதை விழுந்திருந்தது. பெரிய பெரிய காலடிகள். அவற்றோடு கால் இழுபட்ட கோடுகள்.

"அக்கா, இது என்ன?"

வேழாம்பாளுக்கு வெட்கமாகிவிட்டது. "யாரும் இல்லாதபோது மரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்ப்பேன். தாவன் பார்த்தால் பதறிப்போவான்."

"நடக்க முடிகிறதே! அப்புறம் ஏன் ஆற்றுப்பக்கம் வரவில்லை?"

"இந்தக் கோணல் நடையை எல்லாரும் பார்ப்பார்களே... அதோடு, என்னை யாரும் கூப்பிடவில்லையே, முள்ளி."

"நான் கூப்பிடுகிறேன். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குட்டிகள் தவிக்கின்றன. வருகிறீர்களா?"

யானையின் காதுகள் விரிந்தன. "காட்டெருமைகளே தோண்டியிருக்கும் என்றல்லவா நினைத்தேன்! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?"

வேழாம்பாள் புறப்பட்டது. வலக்கால் ஊன்றும், இடக்கால் இழுபடும். மரத்துக்கு மரம் நின்று மூச்சு வாங்கியது. ஆற்றங்கரைச் சரிவில் கால் மடங்கி, முட்டி தரையில் இடித்தது.

தாவன் அலறிக்கொண்டு ஓடிவந்தது. "ஐயோ, அக்கா! வேண்டாம், திரும்பிப் போய்விடலாம்!"

"திரும்பச் சொல்லாதே, தாவா. காட்டெருமைகளைக் கூப்பிடு. இடப்பக்கம் வந்து நிற்கட்டும். சாய்ந்துகொண்டே இறங்கிவிடுவேன்."

காட்டெருமைகள் வந்து தோள் கொடுத்தன. அந்தப் பெரிய உடல் அங்குலம் அங்குலமாக மணலில் இறங்கியது. இரு கரையிலும் நின்ற விலங்குகள் கண் இமைக்கவில்லை. விரித்த தோகையை மடக்க மறந்து நின்றது மயில்.

வேழாம்பாள் கோணிய தும்பிக்கையை மணலில் வைத்து முகர்ந்தது. நகர்ந்தது. மறுபடி முகர்ந்தது.

"இங்கே."

காட்டெருமைமேல் சாய்ந்தபடி வலக்காலால் தோண்டியது. வெள்ளை மணல் பறந்தது. அடுத்து பழுப்பு மணல். பிறகு ஈர மணல். குழியின் அடியில் ஏதோ மினுங்கியது. தண்ணீர்! மெல்ல மெல்ல ஊறி மேலே வந்தது. அதில் வானமே தெரிந்தது.

"இத்தனை நாளும் நம் காலடியிலேயே இருந்திருக்கிறதே!" என்று முணுமுணுத்தது தாய்மான். முதல் மான்குட்டி குனிந்து உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

எல்லாரும் குடித்து முடித்தபின் தாவன் தயங்கித் தயங்கி அருகில் வந்தது. "அக்கா, நாளைக்கு உங்களுக்கு என்ன கொண்டுவரட்டும்?"

"ஒன்றும் வேண்டாம், தாவா. எல்லாரும் ஆற்றுக்குக் கிளம்பும்போது எனக்கும் ஒரு குரல் கொடு. கொஞ்சம் முன்னாலேயே கொடு. நான் மெதுவாகத்தான் வருவேன்."

நீதி: தளர்ந்தவரை உட்காரவைத்துப் பரிதாபப்படுவதைவிட, அவரையும் அழைத்துக் கூடவே நடப்பதே பெரிய உதவி.