வாயை மூடத் தெரியாத வாளை

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஏரிகளுக்குக் கூடக் கோபம் வரத் தெரிந்திருந்த காலத்தில், கோரைநாடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த நாட்டில் அக்கரை தெரியாத பெரிய ஏரி ஒன்று. அதன் கரையில் தூண்டில் போட்டுப் பிழைத்தவள் காத்தாயி. அவளுக்கு ஒரு புருஷன், பெயர் சோலையன். நல்லவன்தான், சத்தியமாக நல்லவன்தான். கை நீட்ட மாட்டான், பொய் சொல்ல மாட்டான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, வாய்! சோறு வேகும்போதே பானைக்குள் கைவிடுவான். காத்தாயி தண்ணீர் மொள்ளத் திரும்பினால் அவள் இலையிலிருந்த மீன் காணாமல் போயிருக்கும். கேட்டால், "பார்த்தேன், வாய் தானாத் தொறந்துடுச்சு புள்ளே" என்பான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் தூண்டிலில் விழும் முதல் மீனை, "போய் உன் சனத்தைக் கூட்டிட்டு வா" என்று சொல்லி உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அது ஏரியின் பங்கு. சோலையனும் விடுவான். விட்டுவிட்டு நாலு எட்டு தள்ளிப் போய், மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் அதே மீனைக் கூடையால் அள்ளிவிடுவான். "மொத மீனை விட்டாச்சு. இது ரெண்டாவதுல்ல?" என்று நியாயம் வேறு பேசுவான். காத்தாயி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் அவன் அப்படி அள்ளியது மீனே இல்லை. ஏரியின் நடுவில் கல்மண்டபத்தில் குடியிருந்த மந்திரக்காரி கெண்டைக்கண்ணி, மீனாக மாறிக் காலையில் நீந்த வந்தவள். தூண்டிலில் மாட்டி, தப்பித்தோம் என்று உதட்டு வலியோடு கிடந்தவளை அள்ளிக் கொண்டுபோய்க் கொதிக்கிற குழம்பில் போட்டான் சோலையன். படீரென்று சட்டி உடைந்தது. தலையெல்லாம் புளி, கண்ணெல்லாம் மிளகாய், எழுந்து நின்றாள் கெண்டைக்கண்ணி.

"விட்ட மீனை அள்ளித் திங்கிற வாயா இது? தின்னு! ஏரியில வாளையாக் கெடந்து தின்னு!"

அடுப்படியில் நின்ற சோலையன் ஆளுயர வாளை மீனாகித் துள்ளித் துள்ளி ஏரிக்குள் போய் விழுந்தான். காத்தாயி ஓடிப்போய் மந்திரக்காரியின் காலைப் பிடித்தாள்.

"தாயே, எத்தனை தடவை சொன்னேன், கேக்கலையே இந்த மனுசன். எனக்கு அவரை விட்டா ஆரு இருக்கா?"

கெண்டைக்கண்ணி கண்ணைக் கசக்கிக்கொண்டே யோசித்தாள். "உன் மொகத்துக்காக ஒண்ணு சொல்றேன். மூணு வெள்ளிக்கிழமை தவணை. அவன் வாய்க்கு எதிர்ல துடிக்கிற உசுரு ஒண்ணை, ஒரே ஒண்ணை, திங்காம விட்டுட்டா மறுபடி மனுசன். மூணாம் வெள்ளி பொழுது சாஞ்சா பேச்சும் போயிரும், உன் நெனப்பும் போயிரும். அப்புறம் வெறும் வாளைதான்."

ஒன்றை விடுவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தாள் காத்தாயி. அந்த ஏரியில் அதுவரை வாளை கிடையாது. அதனால் அவளுக்கு வாளையைப் பற்றித் தெரியாது.

அந்த வாரமே தெரிந்துகொண்டாள். கோரைக்குள் கட்டை மாதிரி அசையாமல் கிடக்கும். நம் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைப்போம். தூண்டிலில் கெண்டை மாட்டி, இழுத்துக் கரைக்கு ஒரு முழம் இருக்கும்போது, சளக்! முள்ளில் கெண்டையின் தலை மட்டும் மிச்சம். கெளுத்தி மாட்டினால், சளக்! அதன் மீசை மட்டும் மிச்சம். மீனே மாட்டாவிட்டால் ஆடுகிற தக்கையைப் பார்த்து, சளக்! தக்கையும் போச்சு. வாயில் பாதி விழுங்கிய குறவையின் வால் ஆடிக்கொண்டிருக்கும்போதே வாத்துக் குஞ்சைத் துரத்திப் போனது. பசிக்கா இதெல்லாம்? பசியே இல்லை. எது அசைந்தாலும் அந்த வாய் திறந்துகொண்டது.

முதல் வெள்ளி வந்தது. வயிறு நிறைந்தால் வாய் அடங்கும் என்று கணக்குப் போட்டாள் காத்தாயி. அக்கம்பக்கத்தாரிடம் கெஞ்சி மூன்று கூடைப் பொடிமீன் வாங்கி வந்து கொட்டினாள். வாளை தின்றது, தின்றது, வயிறு பானையாக உப்பும்வரை தின்றது. கடைவாயில் ஒரு தவளைக் கால் தொங்கியது.

"போதுமாய்யா?"

"போதும் புள்ளே. இனிமே ஒரு பருக்கை எறங்காது."

காத்தாயி சுண்டுவிரல் நீளத்தில் ஓர் அயிரையைத் தண்ணீரில் விட்டாள். அயிரை ஒரு நெளி நெளிந்தது. சளக்!

"யோவ்!"

"வாய் தானாத் தொறந்துடுச்சு புள்ளே."

இரண்டாம் வெள்ளி வந்தது. கண்ணால் பார்த்தால்தானே ஆசை? தன் பழைய சேலையைக் கிழித்து வாளையின் கண்ணைக் கட்டினாள். தூண்டிலில் ஒரு கெண்டையைக் கோத்து மெல்ல இறக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். நாலு எண்ணுவதற்குள், சளக்! கெண்டை போச்சு, கயிறு போச்சு, கண்ணைக் கட்டிய துணியும் வயிற்றுக்குள் போச்சு.

"கண்ணைத்தான் கட்டியிருந்துச்சேய்யா!"

"மீசையில தட்டுச்சு புள்ளே. வாய் தானா..."

"பேசாதே! ஒரு வார்த்தை பேசாதே! மனுசனா இருந்தப்பவும் இதே பேச்சு, மீனாப் போயும் இதே பேச்சா?" தூண்டில் கழியை முழங்காலில் முறித்து வீசினாள் காத்தாயி. பிறகு முறித்ததற்காக அழுதாள், ஏனென்றால் இருந்தது அந்த ஒரு கழிதான்.

மூன்றாம் வெள்ளி வந்தது. இரவல் தூண்டிலோடு விடிந்ததும் போய் உட்கார்ந்தாள். ஒரு மீன் கடிக்கவில்லை. கிழக்குக் கரைக்குப் போனாள், கடிக்கவில்லை. மேற்குக் கரைக்குப் போனாள், கடிக்கவில்லை. எப்படிக் கடிக்கும்? மூன்று வாரத்தில் கரையோரம் இருந்ததையெல்லாம் வாளை தின்று தீர்த்திருந்தது. மிச்சம் மீதி இருந்ததும் பயந்து ஆழத்துக்கு ஓடிவிட்டது. தவளைகள்கூடக் கரையேறிப் போய்விட்டன. இன்றைக்கு விட்டுவிடுவதற்கு ஒரே ஓர் உயிர் வேண்டும். அந்த ஓர் உயிரைக்கூட மிச்சம் வைக்கவில்லை இந்த மனுசன். எங்கே போய் முட்டிக்கொள்வது?

பொழுது பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டது. வாளை கோரையிலிருந்து மெல்ல வந்து தலையைத் தூக்கியது.

"காத்தா..." என்றது. மீதிப் பெயர் வரவில்லை. திரும்பவும் முயன்றது. "கா..." அவ்வளவுதான் வந்தது.

காத்தாயி தூண்டிலைப் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். துடிக்கிற உயிர் அந்தக் கரையில் அவள் ஒருத்திதான். வலது கையை வாளையின் வாய்க்கு எதிரே நீட்டினாள். பயத்தில் ஐந்து விரலும் ஐந்து மீன்குஞ்சு போல நடுங்கின.

 

தண்ணீர் பிளந்தது. சளக்!

மணிக்கட்டு வரை வாய்க்குள் போய்விட்டது. வாளையின் பற்கள் உள்பக்கம் வளைந்தவை. பிடித்ததை விழுங்கத்தான் முடியும், விடுவதற்கு வாட்டமில்லாத வாய் அது. ரத்தம் தண்ணீரில் கலங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள் காத்தாயி.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

கை இன்னும் இருந்தது. கண்ணைத் திறந்தாள். வாளை உடம்பெல்லாம் உதற நின்றுகொண்டிருந்தது. நின்றபடியே, தாடை கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு, வாயை அகலமாகத் திறந்தது. அவள் இழுக்கவில்லை. வாளைதான் ஒவ்வொரு பல்லாக விலக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது. கடைசி விரலும் வெளியே வந்தபோது பொழுது தண்ணீரைத் தொட்டது.

அடுத்த நொடி, அவள் எதிரே மார்பளவு தண்ணீரில் சோலையன் நின்றான். தலையில் பாசி, தோளில் கோரை, ஆனால் முழு மனுசன்.

கல்மண்டபத்திலிருந்து கெண்டைக்கண்ணியின் குரல் வந்தது. "விட்டுட்டானா! காத்தாயி, நாளையிலேர்ந்து மீனுங்க எல்லாம் கரைக்குத் திரும்பி வரும். உன் கூடை ஒரு நாளும் காலியாத் திரும்பாது. அவன் கூடையைப் பத்தி எனக்குத் தெரியாது!"

காத்தாயி புருஷனையே பார்த்தாள். அவன் முதலில் எதைச் சொல்லப் போகிறான் என்று அவளுக்கா தெரியாது? "பசிக்குது" என்பான். சொன்னால் இங்கேயே முக்கிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டாள்.

சோலையன் அவள் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"வலிக்குதா புள்ளே?" என்றான்.

கல்யாணம் ஆகி எட்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்ததே இல்லை. காத்தாயிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"இதைக் கேக்கறதுக்கு வாளையாகி, ஏரியவே தின்னு தீத்து, என் கையையும் கடிக்க வேண்டியிருந்துச்சாய்யா உனக்கு?" என்று கரையெல்லாம் கேட்கக் கத்தினாள். கத்திக்கொண்டே அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் கஞ்சிதான். அவள் கையில் கட்டுப் போட்டிருந்ததால் அவன்தான் கரைத்து வைத்தான். அவள் கடைசி மடக்கைக் குடித்துக் கலயத்தைக் கீழே வைக்கும்வரை, அவன் தன் கலயத்தைத் தொடவில்லை. அந்த வீட்டுக்கு வந்த நல்ல காலம், கேட்ட உங்கள் வீட்டுக்கும் வரட்டும்.